ஒரு தோள் தாழ்ந்திருந்தால் பளு தூக்கக் கூடாதா?

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகளுக்கு 14 வயது, பளு தூக்குதல் பயிற்சிக்குப் போகிறாள். பயிற்சி பார்க்க வந்த ஒருவர் அவள் பாரைத் தலைக்கு மேல் நிறுத்தியிருக்கிற போட்டோவைக் காட்டி, "இடது தோள் கீழ இருக்கு, வலது தொடை பெருசா இருக்கு. உடம்பு சமமா இல்லாத பிள்ளைங்க மேல வர மாட்டாங்க" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் சமமாக இல்லாத உடம்பு விளையாட்டுக்கு ஆகாதா, பயிற்சியால் சரிசெய்ய முடியுமா, பளு தூக்குவதை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம். முதுகை மட்டும் ஒருமுறை முறையாகப் பார்த்துவிடுங்கள், எப்படி என்று கீழே சொல்கிறேன். வேலூரில் ஓட்டக்காரர்களுக்கும் பளு தூக்குகிறவர்களுக்கும் பிசியோதெரபி செய்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திக்கிறேன். போட்டோவை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்குக் கோபம் தருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற உடம்பு என்று எதுவும் கிடையாது. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. வெளியே தெரிகிற கை கால்களிலும் அப்படித்தான். இரண்டு கால்களின் நீளத்தை எக்ஸ்ரே வைத்து நுட்பமாக அளந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். சராசரியாக அரை சென்டிமீட்டர் வரை இருப்பது சாதாரணம். அவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

அப்படியானால் அந்த மனிதர் சொன்னதற்கு அடிப்படையே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1996-ல் ஜமைக்காவின் கிராமப்புறத்தில் 288 குழந்தைகளின் உடம்பை இரண்டு பக்கமும் அளந்து ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். அப்போது அவர்களின் சராசரி வயது 8. 14 வருடம் கழித்து, 2010-ல், அதே ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, சிறுவயதில் முழங்கால்கள் இரண்டும் அதிகம் ஒத்திருந்தவர்கள் பொதுவாக வேகமாக ஓடினார்கள். அடுத்து ஜமைக்காவின் முன்னணித் தடகள வீரர்களை அளந்தார்கள். 100 மீட்டர் ஓடுகிறவர்களின் முழங்கால்கள்தான் மிகச் சமமாக இருந்தன. அவர்களுக்குள்ளும் முழங்கால் சமம் கூடக்கூட ஓட்ட நேரம் குறைந்தது. இன்னொரு புறம், ஜான் மேனிங் என்கிற ஆய்வாளர் 1998-ல் 800, 1500 மீட்டர் ஓடுகிற ஆண்களை அளந்து, காதும் மூக்குத்துவாரமும் இரு பக்கமும் ஒத்திருப்பவர்கள் வேகமானவர்கள் என்று எழுதினார்.

இந்தக் காது விஷயத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். காதை வைத்து யாரும் ஓடுவதில்லை. ஆகவே இந்தத் தொடர்பு உடம்பின் இயக்கத்திலிருந்து மட்டும் வருவது அல்ல. கருவிலிருந்து வளர்கிற காலத்தில் சத்துக்குறைவு, நோய், மரபுக் கோளாறு போன்றவை குறைவாக இருந்தால் இரண்டு பக்கமும் திட்டப்படி வளரும் என்பது இந்த ஆய்வாளர்களின் கருத்து. சமமான காது அந்த நல்ல வளர்ச்சிக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அடையாளத்தைத் திருத்துவதால் யாருக்கும் வேகம் வந்துவிடாது. முழங்கால் வேறு கதை, அது நேரடியாக வேலை செய்கிற மூட்டு. அங்கேயும் எது எதற்குக் காரணம் என்பதில் சிக்கல் உண்டு. வளைவுள்ள பாதையில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓடுகிறவர்களின் முழங்காலையும் கணுக்காலையும் அந்த ஓட்டமே மாற்றியிருக்கலாம் என்று அந்த ஜமைக்கா ஆய்வுக்காரர்களே சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் எதையும் உடனே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு சம்பவம் இருக்கிறது. அதே ஜமைக்கா இளைஞர்களின் நடனத்தை வைத்து, சமச்சீரான உடம்புள்ளவர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்று 2005-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் செய்தியானது. பிறகு அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று டிரிவர்ஸே போராடினார். 2013-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தன் பெயரும் இருக்கிற கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி வருடக்கணக்கில் நின்ற அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நல்ல ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவை பேசுவது கூட்டத்தைப் பற்றி. நூறு பேரை வரிசைப்படுத்தினால் ஒரு சாய்வு தெரியும். அந்த நூறில் ஒருத்தியான உங்கள் மகள் எங்கே நிற்பாள் என்பதை அவை சொல்லாது. அவற்றில் பேசப்படும் வித்தியாசங்கள் மில்லிமீட்டர் கணக்கு, அளவுமானியால் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டிய அளவு. செல்போன் போட்டோவில், கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒரு தோள் தாழும். வளர்கிற பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உயரம் சட்டென்று கூடுகிற பருவத்தில் இரு பக்க வித்தியாசம் தற்காலிகமாக அதிகரித்து, வளர்ச்சி அடங்கும்போது மறுபடி குறைகிறது. 14 வயது அந்தப் பருவத்துக்குள் இருக்கிறது.

உசேன் போல்ட்டுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, ஸ்கோலியோசிஸ். வலது கால் இடது காலைவிடச் சுமார் அரை அங்குலம் குட்டை. அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வெயண்ட் குழுவினர் 2011 மொனாக்கோ பந்தயத்தின் வீடியோவை வைத்து அவருடைய அடிகளைக் கணக்கிட்டார்கள். வலது கால் தரையை அடிக்கிற உச்ச விசை இடதைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகம். இடது கால் தரையில் தங்குகிற நேரம் சுமார் 14 சதவீதம் அதிகம். 2009-ல் பெர்லினில் 9.58 விநாடி ஓடிய உடம்பு இது. அந்தக் கோணலைச் சரிசெய்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பாரா, மெதுவாகியிருப்பாரா என்று அந்தக் குழு தீர்ப்புச் சொல்லவில்லை. தன் எலும்புக்கு ஏற்ற ஓட்டத்தை அவருடைய உடம்பே கண்டுபிடித்துக்கொண்டிருக்கலாம்.

பாரத்தைத் தூக்குகிற துறையிலேயே உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் லமார் கான்ட். கடுமையான ஸ்கோலியோசிஸ் உள்ளவர். 1985-ல் தன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, ஏறத்தாழ 300 கிலோ, டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது) தூக்கினார். இதைப் படித்துவிட்டு முதுகு வளைந்திருந்தால் லாபம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைவு உள்ளவர் தூக்கவே முடியாது என்ற பேச்சு பொய் என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி. நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் வலது கால் மேல் பஸ் ஏறி நசுங்கிய பிள்ளை, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். உயரம் தாண்டுதல் ஒற்றைக் காலில் உந்தி எழுகிற விளையாட்டு. அங்கே இரண்டு காலும் சமமாக இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழாது.

விளையாட்டே உடம்பைக் கோணலாக்குவதும் உண்டு. தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து 1977-ல் வெளியிட்டார்கள். மட்டை பிடிக்கிற கையின் எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. அது நோய் அல்ல. சிறுவயதிலிருந்து வாங்கிய அடிக்கு எலும்பு கொடுத்த பதில். கோட்டை மைதானத்தில் வேகப்பந்து வீசுகிற பையன்களுக்கும் இதே கதைதான், ஒரு பக்க இடுப்புத் தசை பெருத்துவிடும். ஆனால் அங்கே ஆபத்தும் கூடவே வருகிறது. பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது வேகப்பந்து வீச்சாளர்களிடம் நன்றாகத் தெரிந்த காயம்.

பளு தூக்குதலுக்கு வருவோம். உங்கள் ஊருக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். 2018-ல் கோல்ட் கோஸ்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். இந்த விளையாட்டு பார்க்கிறவர் கண்ணுக்கு முழுக்க முழுக்கச் சமமானது: ஒரே பார், இரண்டு கை, இரண்டு கால். ஆனால் ஜெர்க்கில், அதாவது தோளிலிருந்து பாரைத் தலைக்கு மேல் உந்தும்போது, பெரும்பாலானவர்கள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துத்தான் பாரின் அடியில் நுழைகிறார்கள். எப்போதும் அதே கால்தான் முன்னே போகும். வருடக்கணக்கில் அப்படிச் செய்கிறவளுக்கு ஒரு தொடை மற்றதைவிடப் பெருக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் மகள் வலது காலை முன்வைக்கிறவளா என்று அவளுடைய மாஸ்டரிடம் கேளுங்கள். தொடைக் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கை விஷயத்தில் விதிகள் கண்டிப்பானவை. இரண்டு முழங்கையும் ஒரே சமயத்தில் முழுதாக நீள வேண்டும், ஒன்று தாமதமாக நீண்டால் நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார். ஆகவே தோள் தாழ்வதால் ஒரு கை பிந்துகிறதா என்பது அழகைப் பற்றிய கேள்வி அல்ல, தூக்கு செல்லுமா செல்லாதா என்கிற கேள்வி. அதே சமயம், பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாதவர் அதை முன்கூட்டியே நடுவர்களிடம் காட்டிவிட்டுத் தூக்கலாம் என்றும் அதே விதிப்புத்தகத்தில் இருக்கிறது. உலக அளவில் இந்த விளையாட்டை நடத்துகிறவர்களே எல்லா உடம்பும் ஒரே மாதிரி இருக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்வு மரத்த கை கால்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். உணர்வுள்ள மனிதன் நெடுந்தூரம் நடந்து பாதத்தில் ஓரிடம் நோகத் தொடங்கினால், தன்னை அறியாமலே நடையை மாற்றி எடையை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறான். மரத்த கால் அப்படி மாற்றுவதில்லை. அதே இடத்தில் அதே அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகிறது. தொழுநோயாளிக்குத் தனிக் காலணி வேண்டும் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பாடுபட்டதற்குப் பின்னால் இந்த அறிவுதான் இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது பல சமயம் உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிற வழி. அதனால் நான் பார்ப்பது எத்தனை கோணல் என்பதை அல்ல, அது எப்போது வந்தது என்பதை. ஐந்து வருடமாக ஒரே அளவில் இருக்கிற தோள் சாய்வு என்னைக் கவலைப்படுத்தாது. போன மாதம் இல்லாமல் இந்த மாதம் ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) இடுப்பு ஒரு பக்கம் நழுவுகிறது என்றால், வலி என்று அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அன்றைக்கே பாரைக் கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்க வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். நடை அதைக் காட்டிவிடும்.

முதுகைப் பார்ப்பது எப்படி? அம்மாவோ அத்தையோ பார்க்கட்டும். மெல்லிய பனியன் மட்டும் போட்டு, வெறுங்காலுடன், பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி, முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மெதுவாகக் குனியட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது விலாவோ இடுப்போ ஒரு பக்கம் மேடாக எழுகிறதா என்று கவனியுங்கள். நிமிர்ந்து நிற்கையில் தோள் தாழ்ந்து, குனிகையில் முதுகு சமமாக இருந்தால் பெரும்பாலும் அது தசையோ பழக்கமோதான். குனியும்போது மேடு தெரிந்தால் எலும்பு டாக்டரிடமோ, சி.எம்.சி. போன்ற இடங்களில் உள்ள உடலியக்க மருத்துவப் பிரிவிலோ காட்டி, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளைவு 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். இளவயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருப்பதுதான். பலருக்கு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். இன்னும் வளர்ச்சி மிச்சமிருக்கிற பிள்ளைக்கு 25 டிகிரியைத் தாண்டினால் வளைவு கூடாமல் உடம்பைத் தாங்குகிற பெல்ட் (பிரேஸ்) போடச் சொல்வார்கள். அந்த பெல்ட் வேலை செய்கிறது என்பதை 2013-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது: பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் வளைவு ஆபத்தான அளவை எட்டவில்லை. வளைவு வேகமாகக் கூடுவது வயதுக்கு வருகிற காலத்தை ஒட்டிய வளர்ச்சியின்போதுதான், அதனால் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற முதுகுவலி, கால் மரத்துப்போவது, ஒரு கால் பலம் குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும்.

ஸ்கூல் பையை ஒரு தோளில் மாட்டியதால் முதுகு வளைந்தது என்று பாட்டி திட்டினால் அவள் மனம் நோக வேண்டாம். பை தோளை வலிக்க வைக்கும், எலும்பை அப்படி வளைக்காது. பளு தூக்கினால் பெண் குட்டையாகிவிடுவாள் என்பதும் அப்படித்தான். சரியான மேற்பார்வையில் செய்கிற பயிற்சி வளர்ச்சியை நிறுத்துவதாக ஆதாரம் இல்லை.

கால் நீளத்தை வீட்டில் டேப் வைத்து அளக்காதீர்கள், டேப் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் பொய் சொல்லும். சமதரையில் நிற்கவைத்து இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தக் காலின் கீழ் மெல்லிய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்துச் சமமாக்கி, அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் என்றால், வலி இல்லாத வரை பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் காலணித் தொழில் நம் கையருகில் இருப்பதால், ஒரு ஷூவுக்கு மட்டும் கூடுதல் தட்டு வைத்துத் தைத்துக்கொள்வது எளிது. டாக்டர் அளந்து சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அவளுடைய இடுப்பும் முழங்காலும் இத்தனை வருடம் பழகிய கணக்கைத் திடீரென்று கலைத்துவிடும்.

பலத்தின் வித்தியாசத்தை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஒற்றைக் காலில் முன்னால் தாவி அதே காலில் நிலையாக நிற்பது எளிய சோதனை. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, அதிகபட்ச தூரத்தை எழுதிவையுங்கள். 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் கவனிக்கச் சொல்வது வழக்கம். இந்த எண் வசதிக்காக வைத்தது, அதற்குக் கீழே எல்லாம் பத்திரம், மேலே எல்லாம் ஆபத்து என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாவலில் வலது கால் முந்தும், ஸ்குவாட்டில் இடது கால் முந்தும், அடுத்த வாரம் மாறியும் இருக்கும். ஒரே நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முழங்கால் அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை நான் கறாராக வைத்துக்கொள்வேன், 90 சதவீதமாவது எட்டாமல் விளையாட விடமாட்டேன்.

சரிசெய்ய முடியுமா என்றால், எலும்பை முடியாது, தசையை முடியும். வாரத்துக்கு இரண்டு நாள், முக்கியப் பயிற்சி முடிந்த பிறகு, ஒற்றைக் கால் வேலை: பின்காலைப் பெஞ்சில் வைத்துச் செய்கிற ஸ்பிளிட் ஸ்குவாட், படி ஏறுதல், ஒரு கை டம்பெல் பிரஸ், ஒரு கையில் மட்டும் எடை பிடித்துச் சாயாமல் நடப்பது. எப்போதும் பலம் குறைந்த பக்கத்தில் தொடங்கட்டும். அது எத்தனை முறை முடித்ததோ, பலமான பக்கமும் அத்தனையோடு நிற்கட்டும். வார்ம்-அப்பில் வெறும் பாரை வைத்து மற்றக் காலை முன்வைத்துச் சில ஜெர்க் செய்வது நல்லது. சிலம்ப ஆசான்கள் இரண்டு கையிலும் கம்பு சுற்றப் பழக்குவதை இங்கே பார்த்திருப்பீர்கள், அந்தப் பழக்கத்தைப் பளு தூக்குகிறவர்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போட்டித் தூக்கில் அவளுக்கு இயல்பாக வருகிற காலை மாற்றவே மாற்றாதீர்கள்.

ராணுவத்துக்கு ஓடிப் பழகுகிற கம்மவான்பேட்டைப் பையன்கள் தட்டைப் பாதம், முட்டி இடிப்பதற்காக மருத்துவத் தேர்வில் நிராகரிக்கப்படுவதை உங்களுக்கு யாராவது உதாரணமாகச் சொல்லக்கூடும். அது ஒரு வேலைக்கான தகுதி விதி. பளு தூக்குதலில் அப்படி ஒரு வாசல் கிடையாது. எடை பார்ப்பார்கள், வயது பார்ப்பார்கள், பிறகு பார் மேலே போனதா என்று பார்ப்பார்கள்.

அவளிடம் பேசும்போது தோளைப் பற்றிப் பேசாமல் தூக்கைப் பற்றிப் பேசுங்கள். கண்ணாடி முன்னால் தோளைத் தூக்கி நிறுத்திப் பழகினால் கழுத்துத் தசை இறுகி, ஸ்னாட்ச்சில் பாரைப் பிடிக்கிற நிலைதான் கெடும். அந்த மனிதர் மறுபடி வந்தால், சொல்ல வேண்டியதை மாஸ்டரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

குனிந்து பார்க்கும் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். முதுகில் மேடு இல்லை என்றால், தாவல் தூரங்களையும், ஜெர்க்கில் எந்தக் கால் முன்னே என்பதையும், எங்காவது வலி உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆறு வாரம் கழித்து அதே தரையில், அதே ஷூவில் மறுபடி அளந்த எண்களும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கால் பயிற்சியில் எதைக் கூட்டலாம் எதைக் குறைக்கலாம் என்று எழுதுகிறேன்.